அக்கா எழுதிய வீட்டுப்பாடம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். புயல், மழை என்று லீவு விட்டதும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், ஃபோன்ல பாடம் அனுப்புவீங்களா?" அனுப்புவேன், ஆனால் கொஞ்சமாகத்தான்.

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ஃபோனில் எழுத்தைக் காட்டலாம். எழுதப் பழக்க முடியாது. 'அ'வை எங்கே தொடங்கிச் சுழிக்கிறது, பென்சிலை எப்படிப் பிடிக்கிறது என்பதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு வருவதோ எழுதி முடித்த நோட்டின் படம். கொரோனா காலத்தில் வந்த பல படங்களில் இருந்தது ஐந்தாம் வகுப்பு அக்காவின் கையெழுத்து! அதனால் இப்போது பிள்ளை வாசிப்பதைக் குரல் பதிவாக அனுப்பச் சொல்கிறேன். எங்கே திக்குகிறது, எந்த எழுத்தைத் தாண்டி ஓடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். அக்கா பின்னால் இருந்து எடுத்துக்கொடுப்பதும் கேட்கும்.

நேரலை வகுப்பு நம் ஊருக்கு ஒத்துவராது. பல வீடுகளில் ஒரே ஃபோன். அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அம்மா கடல்பாசி எடுக்கப் போயிருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபோன் வீட்டில் இருக்கிற அந்த நாட்களில் பெரும்பாலும் பள்ளிக்கு லீவு! அதனால் ஃபோன் எப்போது கரைக்கு வருகிறதோ அப்போது கேட்கிற மாதிரி சின்னப் பதிவுதான் சரி.

2020 ஜூலையில் மத்திய அரசு ஆன்லைன் வகுப்புகளுக்காக வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட வகுப்பு இரண்டுக்கு மேல் கூடாது என்றது. ஒன்றாம் வகுப்புக்கு அதுவே அதிகம் என்பேன். கால் மணி நேரம் போனால் பிள்ளை என்னைப் பார்ப்பதில்லை, திரையில் தெரியும் தன் முகத்தைத்தான் பார்க்கிறது. கல்வித் தொலைக்காட்சி பார்ப்பது பரவாயில்லை. பெரிய திரை, சிக்னல் தேடி அலைய வேண்டாம்.

எதைப் போட்டுக் கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் தன்னார்வலர்களை வீட்டுப் பக்கமே அனுப்பியதும் அதற்காகத்தானே? வீட்டில் பக்கத்தில் உட்காரும் பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை கதை சொல்ல, அப்பத்தா "அப்புறம்?" என்று கேட்டால் போதும். அப்புறம், கூடையில் இருக்கும் சூடை மீனைப் பத்துப் பத்தாகக் கூறு வைக்கச் சொல்லுங்கள். எத்தனை கூறு, மிச்சம் எத்தனை? இரண்டாம் வகுப்பில் பத்துகள், ஒன்றுகள் என்று நான் நடத்துவது அதைத்தான்.

பதிவை எந்த நேரத்தில் அனுப்பினாலும் காலையில் கேட்டுக்கொள்கிறேன். அதற்காகத் தூங்குகிற பிள்ளையை எழுப்பி வாசிக்க வைக்காதீர்கள்.