டிரிகரை மூடுவது எது? சிறிய பிஸ்டலும் அதன் ஹோல்ஸ்டரும்

2008 நவம்பர் கடைசியில், நியூயார்க்கில் ஒரு இரவு விடுதிக்குப் போயிருந்தார் பிளாக்ஸிகோ பர்ரஸ். அமெரிக்கக் கால்பந்தில் அப்போது பெரிய நட்சத்திரம். அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வெற்றிப் புள்ளிகளை எடுத்துக் கொடுத்தவர். இடுப்பில் ஒரு க்ளாக் பிஸ்டலைச் செருகி வைத்திருந்தார், உறை எதுவும் இல்லாமல். அது நழுவிக் காலோடு இறங்க ஆரம்பித்தது. யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? சட்டென்று பிடிப்போம். அவரும் பிடித்தார். பிடித்த பிடியில் டிரிகர் அழுந்தி, குண்டு அவருடைய தொடையிலேயே பாய்ந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்தத் துப்பாக்கியில் கோளாறு எதுவும் இருந்திருக்கத் தேவையில்லை. டிரிகரை அழுத்தினால் சுட வேண்டும், சுட்டது. அதனால்தான் சிறிய பிஸ்டலுக்கு ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பிலோ பாக்கெட்டிலோ வைக்கும் உறை, தேடும் யாரும் "எது நன்றாக மறைக்கும்", "எது உறுத்தாது" என்று தொடங்காமல் "டிரிகரை எது மூடுகிறது" என்று தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைப் புரிந்துகொள்ள இன்றைய பிஸ்டலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய ரிவால்வரில் வெளியே ஒரு சுத்தியல் இருக்கும். டிரிகரை நீளமாக இழுத்தால்தான் அது பின்னுக்குப் போய்த் திரும்ப வந்து அடிக்கும், அந்த இழுப்புக்கு ஐந்து கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை வேண்டும். 1980களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த க்ளாக் இதை மாற்றியது. வெளியே சுத்தியல் கிடையாது, உள்ளே தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஒரு ஊசி, ஸ்பிரிங்கின் விசைக்கு எதிராகப் பாதி இழுக்கப்பட்ட நிலையிலேயே காத்திருக்கும். தனியாகப் பாதுகாப்புப் பொத்தானும் கிடையாது. டிரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு, ஊசியைத் தடுக்கும் ஒரு முளை, கீழே விழுந்தால் வெடிக்காமலிருக்க ஒரு தடுப்பு, இவை மூன்றும் உண்டு. ஆனால் டிரிகரை அழுத்திய உடனே மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிவிடும். தேவையான விசை சுமார் 2.5 கிலோ, நகர வேண்டிய தூரம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்த 2.5 கிலோவைக் கொடுப்பது விரலா, சட்டை நுனியா, சாவிக்கொத்தா என்று துப்பாக்கிக்குத் தெரியாது. ஆகவே இந்த வகைப் பிஸ்டலில் நான்காவது பாதுகாப்பு வெளியே இருக்கிறது, அதுதான் ஹோல்ஸ்டர். துப்பாக்கியோடு சேர்த்து எண்ண வேண்டிய உறுப்பு அது. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் துணைப்பொருள் அல்ல.

சிறிய துப்பாக்கி என்றால் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2008இல் வந்த ரூகர் எல்சிபி தோட்டா இல்லாமல் 270 கிராம்கூட இல்லை. 2012இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு, 2015இல் க்ளாக் 43, 2018இல் சிக் சாவர் பி365 என்று வரிசையாக வந்தன. கடைசியாகச் சொன்னது சுமார் அரை கிலோ எடையில், கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் பத்துத் தோட்டாக்களை அடக்கியபோது அதுவரை இருந்த கணக்கே மாறிப்போனது. இன்னொரு பக்கம் அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனி அனுமதி இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் வந்துவிட்டது. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து. அனுமதி வகுப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்கும் கட்டாயம் போய்விட்டது. கையளவு துப்பாக்கி, அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம் போலத்தான் தோன்றும். அளவு சுருங்கினாலும் டிரிகரை இழுக்கத் தேவையான விசை அதே அளவுக்குச் சுருங்கிவிடவில்லை என்பது உண்மைதான், ஆனால் பாக்கெட்டில் குனிந்து நிமிரும்போது துணிக்கும் தொடைக்கும் நடுவே 2.5 கிலோ அழுத்தம் வருவது பெரிய விஷயமே இல்லை.

சரி, எந்தப் பொருளில் செய்த ஹோல்ஸ்டர்? இன்று அதிகம் விற்பவை இரண்டு: கைடெக்ஸ், தோல்.

கைடெக்ஸ் என்பது அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த ஒரு பிளாஸ்டிக் தகடு. 1965இல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் விமானங்களின் உட்புறத்துக்காக உருவாக்கியது. இதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக இருக்கும், சங்கிலிகளுக்கு நடுவே நிரந்தரமான முடிச்சுகள் கிடையாது. அதனால் 170 டிகிரி வாக்கில் சூடாக்கினால் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தகடு துவண்டுவிடும். அந்த நேரத்தில் துப்பாக்கி அச்சின்மேல் போட்டு அழுத்தி ஆறவிட்டால், டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தின் பள்ளம் உட்பட எல்லா மேடுபள்ளங்களையும் அப்படியே பிடித்துக்கொண்டு இறுகிவிடும். துப்பாக்கியைச் செருகும்போது "க்ளிக்" என்று கேட்கிறதே, அது எப்படி வருகிறது? இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தத் தகடு ஒரு கணம் விரிந்து வளையத்தைத் தாண்டவிட்டு மறுபடி தன் வடிவத்துக்குத் திரும்பும் சத்தம்தான் அது. வெளியே எடுக்க அந்த விரிப்பைத் திரும்ப உண்டாக்க வேண்டும், அதுதான் பிடிமானம். ஒரு திருகையும் ரப்பர் வளையத்தையும் வைத்து அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இதற்குப் பலவீனமும் அதே குணத்திலிருந்துதான் வருகிறது. அரிசோனா, டெக்சாஸ் கோடை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். கைடெக்ஸ் விறைப்பை இழக்கத் தொடங்கும் வெப்பம் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஹோல்ஸ்டரை அங்கே போட்டுவிட்டுப் போனால் வாய் கோணிக்கொள்ள வாய்ப்பு உண்டு. உள்ளே மண் துகள் மாட்டினால் துப்பாக்கியின் பூச்சையும் கீறும்.

தோல் வேலை செய்வது முற்றிலும் வேறு விதம். தோல் என்பது கொலாஜன் இழைகளின் பின்னல். ஹோல்ஸ்டருக்கு மரப்பட்டைச் சாறுகளால் பதனிட்ட தோலைத்தான் எடுப்பார்கள். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்களே, அதே வழி. குரோமியத்தில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், வடிவம் நிற்காது, அதில் தங்கும் உப்புகள் இரும்பையும் அரிக்கும். பட்டையில் பதனிட்ட தோலை நனைத்தால் நீர் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை நகரவிடும். துப்பாக்கி வடிவ அச்சின்மேல் வைத்து விரலாலும் எலும்புக் கருவியாலும் தேய்த்து மெல்லிய சூட்டில் உலர்த்தினால், நீர் போன இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு புது நிலையில் கெட்டியாகும். பிடிமானம் கைடெக்ஸ் போல ஒரே இடத்தில் இல்லாமல் பரப்பு முழுக்க உராய்வாக இருக்கும், எடுக்கும்போது சத்தமும் இல்லை, உடம்புக்கும் இதம்.

ஆனால் நனைந்து இளகிய பொருள் மறுபடி நனைந்தால் மறுபடி இளகும். இடுப்பு வியர்வையும் உடல் சூடும் வருடக்கணக்கில் அதைத்தான் செய்கின்றன. வாய் ஓரம் துவண்டு உள்பக்கம் மடியும். அப்படி மடிந்த ஓரம், துப்பாக்கியைச் செருகும்போது டிரிகர் வளையத்துக்குள் புகுந்துவிட்டால், துப்பாக்கியைக் கீழே தள்ளத் தள்ள அந்த மடிப்பு டிரிகரைப் பின்னுக்கு இழுக்கும். இப்படித் தன் இடுப்பிலேயே சுட்டுக்கொண்ட சம்பவங்கள் உண்மையாக நடந்திருக்கின்றன. தோல்தான் வேண்டும் என்றால் வாய்ப்பகுதியில் இரும்புத் தகடோ இரட்டைத் தோலோ வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், துவண்டதும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் நைலான் உறைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதன் டிரிகரையும் சரியாகக் காக்காது. வாங்க வேண்டாம்.

அடுத்தது மறைப்பது, இது முழுக்க நெம்புகோல் கணக்கு. பெல்ட்டுக்கு உள்பக்கம் பேன்ட்டுக்குள் செருகும் ஹோல்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். பெல்ட்தான் தாங்குபுள்ளி. குழல் அதற்குக் கீழே, கைப்பிடி அதற்கு மேலே. பி365இன் குழல் எட்டு சென்டிமீட்டர்கூட இல்லை, ஆகவே பெல்ட்டுக்குக் கீழே நங்கூரமாக நிற்பது கொஞ்சம்தான். மேலேயோ கைப்பிடிக்குள் பத்துத் தோட்டாக்கள், ஒன்று சுமார் 12 கிராம் வீதம் 120 கிராம். எடை மையம் பெல்ட்டுக்கு மேலே போய்விடுவதால் துப்பாக்கி வயிற்றிலிருந்து விலகி வெளியே சாயும், சட்டைக்கு மேல் கைப்பிடியின் மூலை துருத்திக்கொண்டு தெரியும். சின்னத் துப்பாக்கி வாங்கினால் மறைப்பது தானாக நடந்துவிடும் என்று நம்பி வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்! குழல் நீளம் பேன்ட்டுக்குள் போய்விடும், அது யார் கண்ணிலும் படாது. கண்ணில் படுவது கைப்பிடியின் உயரம்தான், துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது அளக்க வேண்டியதும் அதுதான்.

இதற்கு ஹோல்ஸ்டர் செய்பவர்கள் கண்டுபிடித்த தீர்வுகள் அருமையானவை. ஒன்று, துப்பாக்கியைவிட உறையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமாகச் செய்வது, கீழ்ப்பக்க நெம்புகோல் நீளும். இரண்டாவது, உறையின் அடியில் உடம்பை ஒட்டும் பக்கம் ஒரு ஸ்பாஞ்சு ஆப்பு. அது குழல் முனையை வெளியே தள்ளும், பெல்ட் நடுவில் பிடித்திருப்பதால் மேல்முனை உள்ளே சாயும். கீழே வெளியே தள்ளினால் மேலே மறைகிறது என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும், பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடும் சீசாப் பலகையை நினைத்துப் பார்த்தால் விளங்கும். மூன்றாவது, டிரிகர் வளையத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு இறக்கை. அது பெல்ட்டுக்குப் பின்னால் மாட்டும். பெல்ட்டை இறுக்கும்போது இறக்கை உடம்பை நோக்கி அழுந்தி, உறை முழுவதையும் கொஞ்சம் திருப்பிக் கைப்பிடியை வயிற்றோடு ஒட்ட வைக்கும். இந்த மூன்றும் வேலை செய்ய பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும். தொளதொள பெல்ட்டில் தாங்குபுள்ளியே அசையும், பிறகு எவ்வளவு நல்ல ஹோல்ஸ்டரும் பயனில்லை. என்னைக் கேட்டால் முதலில் பெல்ட்டுக்குச் செலவழிக்கச் சொல்வேன்.

எந்த இடத்தில் வைப்பது என்பதைக் கடிகாரமாகச் சொல்வார்கள், தொப்புள் 12 மணி. வலது கைக்காரருக்கு 1 மணியில் முன்வயிற்றுப் பக்கம் வைத்தால் நன்றாக மறையும், கையும் உடனே எட்டும். ஆனால் குழல் தொடையின் பெரிய தமனியையும் அடிவயிற்றையும் பார்த்தபடி இருக்கும். டிரிகர் மூடல் பற்றிச் சிறு சந்தேகம் இருந்தாலும் அங்கே வைக்கவே கூடாது. இடுப்பின் பின்பக்கம், 4 மணிவாக்கில் வைக்கும்போது கைப்பிடி முன்னால் 15 டிகிரி அளவில் சாய்ந்திருந்தால் முதுகோரம் துருத்தாது, குனிந்தால்தான் தெரியும். முதுகின் நடுவே 6 மணியில் வேண்டாம், வழுக்கி விழுந்தால் முதுகெலும்பு நேராக இரும்பின்மேல் விழும்.

பாக்கெட்டில் எடுத்துப் போவதென்றால் அதற்கென்று தனி உறை உண்டு. வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், துணியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே தங்கும், துப்பாக்கி மட்டும் கையோடு வரும். சதுரமாக இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் பர்ஸ் போலத் தெரியும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் போடக்கூடாது, ஒரு நாணயம்கூட.

கைப்பையில் வைப்பது எனக்குக் கொஞ்சமும் ஒப்புதல் இல்லாதது. 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோவில் ஒரு கடையில் இரண்டு வயதுக் குழந்தை, அம்மாவின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அந்த அம்மா இறந்துபோனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது. டிரிகரை மூடும் உறை துப்பாக்கியோடு இருந்தால் மட்டும் போதாது, அது உடம்போடும் இருக்க வேண்டும். உடம்பை விட்டுக் கழற்றினால் பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும். பெல்ட் போடும் உடை அணியாதவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டி இருக்கிறது. அதில் டிரிகர் இருக்கும் இடத்தில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வெறும் துணி என்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கியதும் சோதிப்பது எளிது. முதலில் மேகசினை எடுங்கள், பிறகு துப்பாக்கியைக் காலி செய்யுங்கள், குழலின் பின்புற அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள், தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். பிறகு செருகி, டிரிகர் இருக்கும் இடத்தை வெளியிலிருந்து கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். உள்ளே எதுவும் அசையவோ "டிக்" என்று கேட்கவோ கூடாது. கட்டிலுக்கு மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், விழக்கூடாது. பெல்ட்டில் மாட்டி உருவும்போது உறையும் சேர்ந்து வந்தால் கிளிப் சரியில்லை. துப்பாக்கி வெளியே இருக்கும்போது பெல்ட் இறுக்கத்தில் வாய் மூடிக்கொண்டால் அதுவும் தள்ளுபடி, ஏனென்றால் திரும்பச் செருக நீங்கள் மற்றக் கையால் அதை விரிப்பீர்கள், குழல் அந்தக் கையைப் பார்க்கும்.

திரும்பச் செருகும் நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, அந்தச் சமயத்தில் அவசரம் என்று எதுவும் இருக்காது என்றாலும். சட்டையை நன்றாகத் தூக்கிப் பிடித்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை டிரிகரிலிருந்து விலக்கி மெதுவாகச் செருக வேண்டும். குளிர்கால ஜாக்கெட்டுகளின் இடுப்பில் தொங்கும் கயிறும் அதன் நுனிக் குமிழும் டிரிகர் வளையத்துக்குள் கச்சிதமாக நுழையும் அளவில் இருக்கின்றன, அதை வெட்டிவிடுவது நல்லது. ஏதாவது தடுப்பது போல் தெரிந்தால் தள்ளக்கூடாது, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். முன்வயிற்றில் வைப்பவர்கள் உறையைக் கழற்றி, துப்பாக்கியை அதில் செருகிய பிறகு இரண்டையும் சேர்த்து இடுப்பில் மாட்டலாம். கிளிப்பின் திருகுகள் நடக்க நடக்கத் தளரும். அவ்வப்போது முடுக்கிப் பாருங்கள், திருகுப் பசை ஒரு சொட்டு விட்டால் நிற்கும்.