பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு: வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்

ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் மகளுக்காக மூன்று ஆண்டுகள் அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கேட்டால் பாடம் முழுவதையும் வாயால் சொல்லும் குழந்தை அது. எழுதச் சொன்னால் 'ப' எது, 'ம' எது என்று திணறிப்போகும். பள்ளியில் "கவனம் இல்லை, ட்யூஷன் வையுங்கள்" என்றார்கள். வைத்தார். அடுத்த ஆண்டும் அதே பதில். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்று கேட்டவரிடம், கடைசியில் அதே பள்ளியில் "நீங்கள் இதை எங்களிடம் சொல்லவே இல்லையே" என்றார்கள். அவர் கையில் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

சட்டம் அந்தத் தாயின் பக்கம்தான் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றோடு, அறிவு இருந்தும் படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாறும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது 16-ஆவது பிரிவு. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளையும் சேர்த்தே அந்தப் பிரிவு பேசுகிறது. ஆகவே "அதெல்லாம் அரசுப் பள்ளிக்குத்தான்" என்று மெட்ரிக் பள்ளியில் சொன்னால் நம்பாதீர்கள்.

பிள்ளைக்கு எங்கே தடை, என்ன உதவி தேவை என்று பார்த்துச் சொல்வதுதான் சிறப்புக் கல்வி மதிப்பீடு. அதைக் கேட்கும் கடிதத்தைத் தலைமை ஆசிரியருக்கு எழுதுங்கள். ஒரு நகலை உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்கு அனுப்புங்கள். சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளரும் அங்கேதான் இருக்கிறார்கள். "பிள்ளை சரியாகப் படிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அது ட்யூஷனில்தான் போய் முடியும். கண்ணால் கண்டதை எழுதுங்கள்: பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத எவ்வளவு நேரமாகிறது, எந்த எழுத்துகள் மாறுகின்றன, வாயால் கேட்டால் என்ன சொல்கிறாள், எந்த வகுப்பிலிருந்து இப்படி. கடைசியில் "என் குழந்தைக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு செய்து, அறிக்கையின் நகலை எனக்குத் தர வேண்டும்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். உங்களிடம் இருக்கும் நகலில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.

செட்டிநாட்டில் எந்த அலுவலகம் நமக்கு உரியது என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம். கடியாபட்டி, ராயவரம், கோனாபட்டு ஆகியவை புதுக்கோட்டை மாவட்டம். வீடு ஒரு மாவட்டத்திலும் பள்ளி இன்னொரு மாவட்டத்திலும் இருந்தால், இவர்கள் அங்கே போ என்பார்கள், அவர்கள் இங்கே வா என்பார்கள். பள்ளி வழியாக நடக்கும் மதிப்பீட்டுக்குப் பள்ளி எந்த ஒன்றியமோ அந்த வள மையம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு ஆதார் முகவரியைப் பார்ப்பார்கள். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பஸ் ஏறுங்கள். காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வீணாக ஒரு முறை போய்வருவதே ஒரு நாளை விழுங்கிவிடும்.

அப்பா சிங்கப்பூரில், பிள்ளை அப்பத்தா வீட்டில் என்று இருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் எத்தனை! "பெற்றோர் கையெழுத்து வேண்டும்" என்று அந்த வயதானவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தையும் அவர்களுடைய அடையாள அட்டை நகலையும் முன்கூட்டியே வரவழைத்து அப்பத்தா கையில் கொடுத்துவிடுங்கள்.

அதிகம் பேரை ஏமாற்றுவது 40 சதவீதம் என்ற எண். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40-க்குக் கீழே வந்தால் "உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். அது தவறு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி போன்ற சில உரிமைகளுக்குத்தான் அந்த எண் தேவை. வகுப்பறையில் கிடைக்க வேண்டிய உதவியைப் பேசும் 16-ஆவது பிரிவில் சதவீதம் எதுவும் இல்லை. அதேபோல, கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான் என்பார்கள். சான்றிதழுக்கு அது சரி. இரண்டாம் வகுப்பில் தடுமாறும் குழந்தைக்கு ஆசிரியர் உதவ எட்டு வயது ஆக வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் ஒன்றியத்தில் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். போங்கள். ஆனால் அதோடு முடித்துவிடாதீர்கள். கூட்ட நெரிசலில் ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்தச் சில நிமிடத்தில் கற்றல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது. மிரண்டுபோய் வாய் திறக்காத குழந்தையை 'அறிவுசார் குறைபாடு' என்று எழுதிவிட்டால், அந்தச் சொல் பள்ளி முடியும் வரை அதைத் துரத்தும். முகாமுக்கு முன்பே கண்ணையும் காதையும் பரிசோதித்து முடிவுகளை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையின் பழைய நோட்டுகள் நான்கைந்து கையில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உளவியலாளரிடம் முழுச் சோதனைக்குப் பரிந்துரை கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசும் குழந்தையைத் தமிழில் சோதிக்கச் சொல்லுங்கள். ஆங்கில வழியில் படிக்கிறாள் என்பதற்காக ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து மதிப்பெண் போட்டால், அந்த எண் அவளுடையது அல்ல.

மதிப்பீடு கேட்டதும் "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், வேறு நல்ல பள்ளி பாருங்கள்" என்று சில பள்ளிகளில் அன்பாகச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். நீங்களாகக் கேட்டு வாங்கியதாக எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஒரு மாதம் பார்த்தும் பதில் இல்லையென்றால், முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடித நகலோடு மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணோடு சீட்டுக் கிடைக்கும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அதற்கும் அசையவில்லையா? "என் மனு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பல மேசைகளில் தூங்கும் கோப்பு இந்தக் கேள்விக்குத்தான் எழுந்திருக்கிறது.

அறிக்கை வந்ததும் நகல் இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழைச் சரிபார்த்து, மறு மதிப்பீட்டுத் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதமே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து, அந்த நகலிலும் முத்திரை வாங்குங்கள்.