ஸ்பேஸ் தட்டிப் பத்தி பிரிக்காதீர்கள்

அச்சுக்குப் பக்கம் தயாரிப்பது என் வேலை. போன வாரம் ஓர் ஆண்டு மலரின் வேர்ட் ஃபைல் வந்தது. பக்கத்துக்கு இரண்டு பத்தி, பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. (பத்தி என்று நான் சொல்வது செய்தித்தாளில் இருப்பதுபோல் மேலிருந்து கீழே ஓடும் நெடுவரிசையை. மற்றதைப் பாரா என்றே சொல்லிவிடுகிறேன்.) ஒரு வரியில் 'செயலாளர்' என்பதை 'இணைச் செயலாளர்' என்று திருத்தினேன். அவ்வளவுதான், அந்த வரியில் வலப்பக்கம் இருந்த சொற்கள் கீழே இறங்கி இடப்பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். வரிக்கு வரி நடுவில் புள்ளி புள்ளியாக இருபது, முப்பது ஸ்பேஸ். ஒவ்வொரு வரி முடிவிலும் ஓர் என்டர். தட்டச்சு செய்தவர் எத்தனை இரவு கண் விழித்தாரோ!

கணினிக்கு அது இரண்டு பத்தி இல்லை, நடுவில் இடைவெளி விட்ட ஒரே வரி. எழுத்துருவை மாற்றினால் கலைந்துவிடும். அதைவிட என்னை உறுத்துவது வேறு. பார்வையற்ற ஒருவர் இந்த ஃபைலைத் திரைவாசிப்பானில் கேட்டால், இடப்பக்கத்து வரியில் பாதி வாக்கியம், உடனே வலப்பக்கத்து வரியில் பாதி வாக்கியம் என்று மாறி மாறி ஒலிக்கும். ஒரு பாராகூட அவருக்குப் புரியாது.

சரியான வழி ஒரு நிமிட வேலை. தலைப்பை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். லேஅவுட் மெனுவில் காலம்ஸ், அதில் டூ. தலைப்பு பக்கம் முழுக்க அப்படியே நிற்கும், கீழே இரண்டு பத்தி ஓடும். லிப்ரே ஆபிஸிலும் கூகுள் டாக்ஸிலும் இது ஃபார்மேட் மெனுவில் இருக்கிறது. அடுத்த பத்திக்குத் தாவ என்டரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

தேர்ந்தெடுத்த பகுதிக்குப் பத்தி அமைத்ததும், அதன் எல்லையில், ஒரு பகுதியை அடுத்த பகுதியிலிருந்து பிரிக்கும் குறியாக, வேர்ட் தானாகவே 'செக்‌ஷன் பிரேக்' போட்டுவிடும். ஏதோ தேவையில்லாத கோடு என்று நினைத்துப் பலர் அதை அழித்துவிடுகிறார்கள். அழித்தால், அதற்கு மேலே இருக்கும் பகுதி கீழே இருக்கும் பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். தலைப்பும் இரண்டு பத்திக்குள் போய் நசுங்குவது இதனால்தான். கடைசிப் பக்கத்தில் இடப்பத்தி நீளமாகவும் வலப்பத்தி குட்டையாகவும் நின்றால், முடிவில், புதுப் பக்கத்துக்குத் தாவாத 'கன்டின்யூவஸ்' வகை செக்‌ஷன் பிரேக் ஒன்றைப் போடுங்கள், இரண்டும் சமமாகிவிடும்.

அப்புறம் அகலம். ஏ4 தாளில் இருபுறமும் 2.54 செ.மீ. ஓரம், நடுவில் 1.27 செ.மீ. இடைவெளி விட்டால், இரண்டு பத்தியில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 7.3 செ.மீ. கிடைக்கும். தமிழுக்கு இது போதும். மூன்றாக்கினால் 4.5 செ.மீ.கூடத் தேறாது. 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற ஒரு சொல்லே கிட்டத்தட்ட ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். அதோடு இருபக்கமும் சமன் செய்யும் ஜஸ்டிஃபையும் சேர்ந்தால், மேல் வரியில் இரண்டே சொற்கள் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கும். தமிழில் மூன்று பத்தியை நான் தவிர்ப்பேன். தவிர்க்க முடியாவிட்டால் இடப்பக்கம் மட்டும் ஒட்டவிடுவேன்.

பெயரும் தொலைபேசி எண்ணும் எதிரெதிரே நிற்கவேண்டிய பட்டியலுக்குப் பத்தி வேண்டாம், அட்டவணை போடுங்கள். கைபேசியில் படிக்கப்போகும் பிடிஎஃப்புக்கு ஒரே பத்தி போதும். இடப்பத்தியின் அடிவரை போய், வலப்பத்திக்காக மறுபடி உச்சிக்கு ஏறி வருவது சின்னத் திரையில் பெரும் தொல்லை.

அந்த மலரை என்ன செய்தேன்? ஸ்பேஸை மொத்தமாக நீக்கினால் இரண்டு பத்தியின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் வரி வரியாக வெட்டி, இடது தனி, வலது தனி என்று ஒட்டித்தான் மீட்டேன். இரண்டு நாள் ஆனது. திருப்பி அனுப்பும்போது, தட்டச்சு செய்தவருக்கு காலம்ஸ் மெனு இருக்கும் இடத்தைப் படம் பிடித்துச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.