ஸ்மாக் என்பது பனியில்லை, புகைமூட்டம்

போகி அன்று விடிகாலையில் வேளச்சேரியில் எங்கள் தெருமுனை விளக்குக் கம்பமே தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தியும் டயர் எரிந்த வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. வண்டி சீட்டைத் துடைத்தால் துணி கறுப்பாக வருகிறது. கீழ்வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், காதோடு மப்ளர் கட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினார். "என்ன சார், இந்தப் புகையிலயா போறீங்க?" என்றேன். "பனிதானே தம்பி, டிவியில போட்டானே" என்றார். போட்டிருந்தார்கள்தான், "சென்னையில் கடும் பனிமூட்டம், விமானங்கள் தாமதம்" என்று. எத்தனை வருடமாக இதே வரி! பனி என்றால் மனிதர் மப்ளர் கட்டுவார், புகை என்றால் வீட்டிலேயே இருப்பார். ஒரு சொல் தப்பானால் இவ்வளவு ஆகிறது.

ஸ்மாக் என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பு சுருக்கமானது. ஸ்மோக் (புகை), ஃபாக் (மூடுபனி) இரண்டையும் ஒட்டி ஸ்மாக். 1905இல் லண்டனில் ஒரு பொதுச் சுகாதார மாநாட்டில் டே வோ என்ற மருத்துவர் பயன்படுத்திப் பரவியது. அந்த ஊருக்கு அது பொருத்தம்: வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு, மேலே மூடுபனி. 1952 டிசம்பரில் ஐந்து நாள் லண்டன் அப்படியே மூடிக்கிடந்தபோது சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போதே கணக்கிட்டார்கள், பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்மாக் வேறு. வண்டிப் புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். அதற்குப் பனி தேவையில்லை, வெயில்தான் தேவை. அதாவது ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லின் பனிப்பாதி எப்போதோ உதிர்ந்துவிட்டது, நாம்தான் அதைப் பொறுக்கி எடுத்து வந்து தமிழில் ஒட்டவைக்கிறோம்.

அப்படி ஒட்டவைத்ததுதான் 'புகைப்பனி'. தமிழில் தொகைச்சொல்லின் முக்கியப் பொருளைத் தரும் சொல் கடைசியில் இருக்கும். மூடுபனி ஒரு வகைப் பனி, உறைபனி ஒரு வகைப் பனி, அப்போது புகைப்பனியும் ஒரு வகைப் பனி என்றுதானே படிப்பவர் எடுத்துக்கொள்வார்? சரி, திருப்பிப் போட்டு 'பனிப்புகை' என்கிறார்கள் சிலர். இலக்கணம் சரியாகிவிட்டது, ஆனால் கண்ணுக்கு வருவது ஊட்டியில் காலைத் தேநீரோடு பார்க்கிற காட்சி, டயர் எரிந்த நாற்றம் அதில் வராது. இந்த இரண்டுக்கும் 'ஸ்மாக்' என்று அப்படியே எழுதுவது எவ்வளவோ மேல், குறைந்தபட்சம் ஏமாற்றாது.

புகைமூட்டம் என்ற சொல் நம்மிடமே இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி மண் பூசி எரிப்பதற்குக் கரிமூட்டம் என்றுதான் பெயர். வாழைத்தாரைப் பழுக்கவைக்க மூட்டம் போடுவார்கள், மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போடுவார்கள். மூடுவதும் அதில் இருக்கிறது, தீ மூட்டுவதும் அதில் கேட்கிறது. பனி தானாகப் பெய்யும், புகைமூட்டம் யாரோ போட்டது. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்தாள் எரித்து, டெல்லிக்குள் வண்டிப் புகையும் கட்டடத் தூசியும் சேர்ந்து நவம்பரில் அந்த ஊர் திணறும்போது 'தலைநகரில் பனிமூட்டம்' என்று எழுதினால், ஏதோ பருவம் மாறியதுபோல் ஆகிவிடுகிறது.

பனியும் கலந்திருந்ததே என்பார்கள். கலந்திருந்தது, மார்கழியின் கடைசி நாள் அல்லவா. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று, மேலே இருக்கும் சூடான காற்றுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது, பனியும் புகையும் அங்கேயே தேங்குகின்றன. இன்னும் சொன்னால் பனித்துளி திரள்வதற்கே புகைத்துகளும் கருவாக இருக்கிறது. ஆனால் நெஞ்சை அடைப்பது எது? பிஎம் 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது இந்திய வரம்பு, உலக சுகாதார நிறுவனம் 2021இல் 15 என்றது. பனிக்கு யாரும் வரம்பு வைப்பதில்லை. அப்புறம் மணலி, எண்ணூர் பக்கம் மே மாத வெயிலில் ஆலைப்புகை கவிந்தால் எந்தப் பனியைச் சொல்வீர்கள்?

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் ஆங்கிலச் சொல்லைத் துண்டுபோட்டு மாற்றுவதால் வரும் கோளாறு இது. 'கிரீன்ஹவுஸ் கேஸ்' என்பதற்குப் 'பசுமை இல்ல வாயு'வும் இப்படித்தான் வந்தது. பசுமை என்றாலே நல்லது என்று பழகிய காதுக்கு, பூமியைச் சூடாக்கும் வாயு ஏதோ மரம் நடும் திட்டம் மாதிரி கேட்கிறது. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு என்று எழுதினாலும் அதே மூன்று சொல்தான்.

அடுத்த போகிக்கு எழுத வேண்டியது இதுதான்: "சென்னையில் கடும் புகைமூட்டம், முதியவர்கள் வெளியே வர வேண்டாம்." பனியையும் சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'பனியோடு சேர்ந்த புகைமூட்டம்' என்று போடுங்கள். கீழ்வீட்டுப் பெரியவர் தை பிறந்தும் இருமிக்கொண்டிருக்கிறார்.