ப்ரீனப்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

ப்ரீனப்னு வாய எடுத்தாலே "கட்டிக்கறதுக்கு முன்னாடியே பிரியறத பத்தி பேச்சா"ன்னு முகம் சுருங்கிடும். ஆனா நீங்க ஒண்ணுமே எழுதலைன்னாலும் உங்க நாட்டு குடும்ப சட்டம் உங்களுக்காக ஏற்கனவே எழுதி வெச்சிருக்கு, சொத்து எப்படி பிரியும், ஜீவனாம்சம் உண்டா இல்லையான்னு. அதுல சிலத நாங்க வேற மாதிரி வெச்சுக்கறோம்னு ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னாடி எழுதிக்கறது தான் ப்ரீனப், அவ்ளோ தான்.

பெரும்பாலும் எழுதறது சொத்தும் கடனும். கல்யாணத்துக்கு முன்னாடி யார் பேர்ல என்ன இருந்துச்சு, அப்பா அம்மா வழியா நாளைக்கு வரப்போறது யாருக்கு, பிசினஸ் பங்கு யாருது, யாரோட படிப்பு லோன் யார் தலையில. இதுல நிறைய பேர் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் கல்யாணத்துக்கு முன்னாடியே லோன் போட்டு ஃபிளாட் வாங்கிட்டாரு, அப்புறம் பத்து வருஷம் இஎம்ஐ ஜாயின்ட் அக்கவுன்ட்ல இருந்து போகுது, நடுவுல இன்னொருத்தர் சம்பளத்துல கிச்சனையே மாத்தி கட்டினாங்க, இப்ப அந்த ஃபிளாட் யாருது? "ஃபிளாட் அவருது"ன்னு ஒரு வரி எழுதினா பத்தாது, ஏறின மதிப்புல அடுத்தவங்களுக்கு எவ்ளோ, கட்டின பணம் எந்த கணக்குல வரும்னு எழுதலைன்னா சண்டை அங்க தான்.

குழந்தை யார்கிட்ட இருக்கணும், அதுக்கான செலவுப் பணம் எவ்ளோ, இதெல்லாம் நீங்க எழுதினாலும் கோர்ட்ட கட்டுப்படுத்தாது, குழந்தைக்கு எது நல்லதுன்னு அவங்க அன்னைக்கு பார்த்து முடிவு பண்ணுவாங்க.

என்ன கேட்டா உள்ள இருக்கற வரிகள விட எப்படி கையெழுத்தாச்சுங்கறது தான் பெரிய விஷயம். பேஸ்பால் பிளேயர் பாரி பாண்ட்ஸ் கேஸ் தெரிஞ்சிருக்கலாம், 1988-ல கல்யாணத்துக்கு முந்தின நாள் கையெழுத்து, பொண்ணு பக்கம் தனி வக்கீலே கிடையாது, ஆனாலும் 2000-ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் அது செல்லும்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் அங்க சட்டத்தையே இறுக்கிட்டாங்க. இப்ப ஒப்பந்தத்தோட கடைசி வடிவம் கைக்கு வந்து 7 நாளாவது கழிச்சு தான் கையெழுத்து போடணும், தனக்குன்னு தனி வக்கீல் இல்லாம ஜீவனாம்சம் வேண்டாம்னு கையெழுத்து போட்டிருந்தா அந்த பகுதி நிக்காது. சொத்து கடன் எல்லாத்தையும் மறைக்காம லிஸ்ட் போட்டு ஒப்பந்தத்தோட சேர்க்கறதும் முக்கியம், மறைச்சது பின்னாடி வெளிய வந்தா மொத்த பேப்பரும் ஆட்டம் காணலாம்.

நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்துல 2010-ல ராட்மாக்கர்ங்கற ப்ரீனப் கேஸ்ல வந்த தீர்ப்புக்கு அப்புறம், ரெண்டு பேரும் தெரிஞ்சு, தானா ஒத்துக்கிட்டு போட்டதா இருந்து, அத அமல்படுத்தறது அநியாயமா இல்லன்னா கோர்ட் மதிக்கும், ஆனா கடைசி வார்த்தை கோர்ட்டோடது தான். இந்தியாவுல 1872 ஒப்பந்த சட்டத்தோட 23-வது பிரிவ காட்டி, பொது நலக் கொள்கைக்கு எதிரானதுன்னு தள்ளிடுற வாய்ப்பு அதிகம், கோவா மட்டும் விதிவிலக்கு, அங்க போர்ச்சுகீசிய காலத்து சிவில் சட்டப்படி கல்யாணத்துக்கு முன்னாடியே சொத்து முறைய எழுதிக்கலாம், எழுதலைன்னா பொதுவா ரெண்டு பேர் சொத்தும் ஒண்ணா சேர்ந்துடும். அமெரிக்காவுல இன்னொரு கூத்து, கம்பெனி வழியா வர்ற 401கே மாதிரி ஓய்வுக்கால பணத்துல வாழ்க்கைத் துணைக்குள்ள உரிமைய ப்ரீனப்ல விட்டுக்கொடுக்க முடியாது, ஏன்னா அத விட்டுக்கொடுக்கற தகுதி கணவன் இல்ல மனைவி ஆனவங்களுக்கு தான், கையெழுத்து போடறப்ப நீங்க இன்னும் அது ஆகல. அதனால தாலியோ மோதிரமோ ஆனதுக்கப்புறம் அந்த உரிமைய விட்டுக்கொடுக்கற ஃபார்ம்ல மட்டும் தனியா கையெழுத்து வாங்கணும், மறந்துடறவங்க நிறைய.