ஒரு கோட்டுக்குள் இரண்டு எண்கள்

வரைபடத்தாளில் உள்ள ஒரு நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடிக்க, சாய்வு, வெட்டுத்துண்டு என்னும் இரண்டு எண்கள் போதும். கிடை அச்சில் ஓர் அலகு நகர்ந்தால் கோடு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது சாய்வு. நிலை அச்சை அது எங்கே வெட்டுகிறது என்பது வெட்டுத்துண்டு. பள்ளியில் படித்த ஒய் = எம்எக்ஸ் + சி என்ற வடிவத்தில் எம் முதலாவதையும் சி இரண்டாவதையும் குறிக்கின்றன.

கிடை அச்சில் செல்சியஸ், நிலை அச்சில் ஃபாரன்ஹீட் என்று குறித்து வரைந்த கோட்டை எடுத்துக்கொள்வோம். கோடு நிலை அச்சை 32இல் வெட்டுகிறது. கிடை அச்சில் 100க்கு நேராக அதன் உயரம் 212. ஆகவே 100 டிகிரி நகர்வுக்கு ஏற்றம் 180, சாய்வு 9/5. சமன்பாடு, ஃபாரன்ஹீட் = (9/5) × செல்சியஸ் + 32. கோட்டின் மேல் வேறொரு புள்ளியைப் பொருத்திப் பார்ப்பது நல்ல பழக்கம்: செல்சியஸ் 50 என்றால் 90 + 32 = 122; கோடும் அங்கேதான் செல்கிறது.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது அளவுத்திட்டத்தில்தான். கிடை அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 10 டிகிரியும் நிலை அச்சில் 20 டிகிரியும் எடுத்திருந்தால், அதே கோடு தாளில் 10 சென்டிமீட்டர் நகர்ந்து 9 சென்டிமீட்டர்தான் ஏறும். கட்டங்களை மட்டும் எண்ணுபவருக்குச் சாய்வு 0.9 என்று, அதாவது சரிபாதியாகக் கிடைக்கும். இன்னொன்று, கிடை அச்சு 20இல் தொடங்கினால் கோடு இடப்பக்க விளிம்பை 68இல் தொடும். அது வெட்டுத்துண்டு அன்று. அதிலிருந்து 20 × 1.8, அதாவது 36ஐக் கழித்த பிறகே 32 வரும்.

தேர்ந்தெடுக்கும் இரு புள்ளிகளும் கூடியவரை தொலைவில் இருக்க வேண்டும். உயரத்தைப் படிக்கையில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் மேற்சொன்ன தாளில் 2 டிகிரி பிழை. புள்ளிகளுக்கு இடையே 10 டிகிரி மட்டுமே இருந்தால் சாய்வு 1.8க்குப் பதில் 2 ஆகிவிடும். 100 டிகிரி இருந்தால் 1.82தான்.

ஆய்வுகூடத்தில் அளந்த புள்ளிகள் சற்றே சிதறிக் கிடக்கும். அவற்றினூடே மிகப் பொருத்தமான கோட்டை வரைந்து, அளந்த புள்ளிகளை விட்டுவிட்டு அக்கோட்டின் மேலுள்ள புள்ளிகளிலிருந்தே சாய்வைக் கணக்கிட வேண்டும்.

இந்த எளிய வேலையின் பெருமையை எனக்கு உணர்த்துவது, ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிவரும் ஒளிமின் விளைவுதான். ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக நிறுத்து மின்னழுத்தத்தை, அதாவது அந்த எலெக்ட்ரான்களை முழுவதும் தடுத்து நிறுத்தத் தேவையான மின்னழுத்தத்தைக் குறித்தால் நேர்க்கோடு வரும், அதன் சாய்வு, ஒளியின் ஆற்றலை அதிர்வெண்ணுடன் இணைக்கும் பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்த எண்ணாக இருக்கும் என்பது 1905இல் ஐன்ஸ்டீன் தந்த சமன்பாட்டின் விளைவு. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன் சோடியம் போன்ற உலோகங்களை வெற்றிடக் குழாய்க்குள் வைத்துப் பல ஆண்டுகள் அளந்தார். புள்ளிகள் நேர்க்கோட்டில் அமைந்தன. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிச் சோதனையில் அவரே முன்பு அளந்திருந்ததால், சாய்வை அதனால் பெருக்கி, பிளாங்க் மாறிலி ஏறத்தாழ 6.57 × 10⁻³⁴ ஜூல் நொடி என்று கண்டார். இன்றைய மதிப்பு 6.626 × 10⁻³⁴. ஒளி துகள்களாக வருகிறது என்ற ஐன்ஸ்டீனின் விளக்கத்தை மில்லிகன் அப்போது ஏற்கவில்லை. ஆயினும் சமன்பாடு அளவீடுகளுடன் துல்லியமாகப் பொருந்துகிறது என்பதை 1916இல் தம் ஆய்வுக் கட்டுரையில் பதிவு செய்தார்.