மேடைக்குப் பின்னால் ஓர் ஊர்வலம்

ட்ராய் நகரத்து மக்கள், கிரேக்க வீரர்கள் உள்ளே ஒளிந்திருப்பது தெரியாமல், மரக்குதிரையை ஊருக்குள் இழுத்து வருகிறார்கள். முதலில் ஊர்வலம் கண்ணுக்குத் தெரியாது. எங்கோ தொலைவில் பித்தளைக் குழல்கள் ஊதும் சத்தம் மட்டும் கேட்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குகிறது. வரப்போகும் அழிவை அறிந்த ட்ராய் இளவரசி கசாண்ட்ரா மேடையில் பதறிக்கொண்டிருக்கிறாள். பிரெஞ்சு இசையமைப்பாளர் எக்தோர் பெர்லியோஸ் 1856-58இல் எழுதிய 'லே த்ருவாயன்' ஓபராவின் முதல் அங்கம் இப்படித்தான் முடிகிறது.

2003இல் பாரிஸின் ஷாத்லே அரங்கில் இசை நடத்துநர் ஜான் எலியட் கார்டினர் இதை நடத்தினார்; அது டிவிடியாகவும் வந்தது. முதல் தடவை டிவி ஸ்பீக்கரிலேயே போட்டுப் பார்த்து ஏமாந்தேன். ஊர்வலம் எங்கிருந்தும் வரவில்லை, டிவிக்குள்ளேயே நின்றது.

இந்தக் குழல்களை மேடைக்குப் பின்னால் நின்றுதான் ஊதுகிறார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி நின்று ஊதினால் நம் காதுக்கு வர பத்தில் ஒரு நொடி ஆகும். வேகமான அணிவகுப்பு இசையில் அந்தத் தாமதம் தாளத்தையே கெடுத்துவிடும். அதனால் பின்னால் இருப்பவர்கள் ஒரு இழை முந்தியே வாசிக்க வேண்டும். சரி, இசை நடத்துநரைப் பார்க்காமல் எப்படி முந்துவது? இன்று கேமராவும் திரையும் உண்டு. பெர்லியோஸ் காலத்தில் மின்சாரத் தாளக்கருவி இருந்தது: நடத்துநர் இடது கை விரலால் ஒரு பித்தானை அழுத்தினால், கம்பி வழியே மின்சாரம் போய் மேடைக்குப் பின்னால் ஒரு கோல் தாளம் காட்டும். 1855லேயே அவர் இதைப் பயன்படுத்தி, விவரமாக எழுதியும் வைத்தார்.

மைக் இல்லாத பாடகர் அத்தனை பெரிய இசைக்குழுவைத் தாண்டி எப்படிக் கேட்கிறார்? இசைக்குழுவின் ஒலியாற்றலில் பெரும்பகுதி 500 ஹெர்ட்ஸை (நொடிக்கு 500 அதிர்வுகள்) ஒட்டியே இருக்கும். மேலே போகப்போகச் சரியும். பயின்ற பாடகர், முக்கியமாக ஆண் குரல், குரல்வளைக்கு மேலுள்ள குழாயை வடிவமைத்து 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆற்றலைக் குவிக்கிறார். நம் காதுக்குழாயும் அங்கேதான் நன்றாக ஒத்ததிர்கிறது. கடைசி வரிசைக்கும் குரல் போவது இதனால்தான்.

படம்பிடிக்கும்போது இந்தத் தூரமே வம்பாகிறது. கேமரா முகத்தருகே போகிறது. காது அரங்கின் நடுவிலேயே இருக்கிறது. பாடகரிடமிருந்து 14 மீட்டர் தள்ளித் தொங்கும் மைக்குக்குக் குரல் வர சுமார் 40 மில்லிநொடி ஆகும். ஐரோப்பிய வீடியோவில் நொடிக்கு 25 படங்கள், அதாவது ஏறக்குறைய ஒரு படம் தாமதம். அருகிலுள்ள மைக்கோடு அப்படியே கலந்தால் குரல் இரட்டிக்கும், அதனால் அருகு மைக்கின் ஒலியைக் கணக்குப் பார்த்துத் தாமதிக்கச் செய்வார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் அருகில் இழுத்துவிட்டால் ஊர்வலம் செத்துப்போகும். தொலைவை நாம் உணர்வது சத்தத்தின் அளவால் மட்டுமல்ல. நேராக வரும் ஒலி குறைந்து, சுவரில் பட்டு வரும் எதிரொலி கூடினால் 'தூரம்' என்கிறது மூளை. கூர்மையான மேல்சுருதிகள் மங்கினாலும் அப்படித்தான். ஒலிப்பொறியாளர் அந்தக் கலவையைத்தான் காப்பாற்றுகிறார். சின்ன டிவி ஸ்பீக்கர் அதையே முதலில் விழுங்குகிறது.

அப்புறம் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். கார்டினர் பழைய சாக்ஸ்ஹார்ன் என்ற பித்தளைக் குழல்களைத் தேடிப்பிடித்து வாசிக்க வைத்திருக்கிறார். அந்தச் சத்தம் இந்த முறை சுவருக்கு அப்பாலிருந்து வந்தது.